நாலு சக்கரமும் ஓசோன் காற்றும்

“அத்தான், இந்த மணல்ல நாலு ஏ.டி.வி. இறக்குனா எப்படி இருக்கும்?”

கேட்டவர் என் மைத்துனர். இடம், தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு எதிரே கடலோர மணல். நேரம் சாயங்காலம் ஐந்தரை. வாயில் சுண்டல் இருந்ததால் உடனே பதில் சொல்லாமல் தப்பித்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை இத்தனை ரவுண்டு, பெட்ரோல் போக, ஓட்டிக்காட்டுகிற பையன் சம்பளம் போக...

மைத்துனரைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று மேட்டூரையும், சம்பா மூழ்காமல் இருக்குமா என்று வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம் அவருடையது. ‘வேற ஏதாவது பண்ணணும் அத்தான்’ என்று அவர் சொல்லாத வருஷம் இல்லை. கோழிப்பண்ணை, இறால் குட்டை, மினரல் வாட்டர் என்று யோசித்து முடித்துவிட்டு இப்போது நாலு சக்கர பைக்கில் வந்து நிற்கிறார். அதற்குக் காரணம் மணாலி. சென்னையில் எண்ணெய் சுத்திகரிக்கும் மணலி அல்ல, இமாச்சலத்து மணாலி.

இரண்டு குடும்பமாகப் போயிருந்தோம். மணாலியிலிருந்து பதிமூன்று கிலோமீட்டர் தள்ளி சோலாங் பள்ளத்தாக்கு. மணிரத்னத்தின் ‘ரோஜா’வில் (1992) காஷ்மீர் என்று நாம் நம்பிப் பார்த்த பனியில் மணாலிப் பக்கத்துப் பனியும் உண்டு. அந்தப் பக்கம் போகிற தமிழர்கள் எல்லோரும் யாராவது ஒருவர் ‘புது வெள்ளை மழை’யை முணுமுணுக்காமல் திரும்புவதில்லை. நாங்களும் முணுமுணுத்தோம். அப்புறம் கூப்பன் வாங்கினோம். ‘வேலி டூர், வித் கைடு’ என்று அட்டையில் எழுதியிருந்தது. ஹெல்மெட் மாட்டிவிட்டார்கள். முன்னால் ஒரு வண்டியில் வழிகாட்டிப் பையன். பின்னால் வாத்துக்குஞ்சு மாதிரி நாங்கள் நாலு வண்டி.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1970-ல் ஹோண்டா கம்பெனி மூன்று பலூன் சக்கரங்களோடு ஒரு வாகனத்தை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. அடுத்த வருஷமே ஜேம்ஸ்பாண்ட் படத்தில் வந்துவிட்டது. பலூன் என்று சும்மா சொல்லவில்லை. கார் டயரில் முப்பது ‘பி.எஸ்.ஐ.’ காற்றடிப்போம் இல்லையா, இதில் ஐந்தை ஒட்டித்தான். அதனால்தான் மணலிலும் சேற்றிலும் புதையாமல் மிதந்து போகிறது. ஆனால் மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் கவிழ்ந்தது. நிறைய கவிழ்ந்தது. அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, 1988-ல் கம்பெனிகள் மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்த ஒப்புக்கொண்டன. அதற்கு முன்பே சுஸுகி நாலாவது சக்கரத்தைச் சேர்த்திருந்தது. நாலு சக்கரமும் கவிழும், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கவிழும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுக்காமல் தடுக்கும் கம்பி வளைவு இல்லாமல் புது வண்டி விற்கக் கூடாது. அங்கே, நியூஸிலாந்தில் எல்லாம் இது விளையாட்டுச் சாமான் இல்லை. ஆடு மேய்க்கப் போகிற பண்ணை வண்டி. நம்ம ஊர் பவர் டில்லருக்கு ஒன்றுவிட்ட தம்பி.

உழவுக் கருவி ஒன்று ஊர் மாறினால் கேளிக்கை ஆகிவிடுவது புதிதில்லை. கும்பகோணத்துப் பக்கம் ரிசார்ட்டுகளில் வெள்ளைக்காரர்களை மாட்டு வண்டியில் ஏற்றி வயல்வெளி சுற்றிக் காட்டுகிறார்கள். வண்டிக்காரர் தலைப்பாகை கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. என் தாத்தா வண்டி ஓட்டும்போது துண்டைத் தோளில்தான் போட்டிருப்பார்.

சோலாங்குக்கு வருகிறேன். கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்தினால் வண்டி போகும், எடுத்தால் நிற்கும். முதல் ஐந்து நிமிஷம் எனக்குப் பத்து வயசு குறைந்தது உண்மை. அதை மறைத்தால் இந்த விமர்சனம் பொய்யாகிவிடும். ஓடை ஒன்றைத் தண்ணீர் தெறிக்கக் கடந்தபோது நான் ‘ஹோ’ என்று கத்தினேன். வீட்டில் இருப்பவர்கள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஆறாவது நிமிஷம் கவனித்தேன். நான் பள்ளத்தாக்கையே பார்க்கவில்லை. முன்சக்கரத்துக்கு மூன்றடி முன்னால் இருக்கும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் தேவதாரு. தலைக்கு மேலே பனிச் சிகரம். எனக்குத் தெரிவதெல்லாம் கல், பள்ளம், முன்னால் போகிறவரின் புகைக்குழாய். காதில் எஞ்சின் தவிர எதுவும் இல்லை. தேவதாரு காட்டில் காற்று ஒரு மாதிரி சத்தம் போடுமாமே, அது எப்படி இருக்கும் என்று அந்தக் காட்டுக்குள் இருந்தபடியே எனக்குத் தெரியவில்லை.

வழிகாட்டி நாற்பது நிமிஷத்தில் மூன்றே வார்த்தைதான் சொன்னார். ‘ஸ்லோ’, ‘ஸ்டாப்’, ‘போட்டோ’. ஒரு திட்டில் நிறுத்தி எல்லோரையும் படம் எடுத்துக்கொடுத்தார். எதிரே தெரிந்த சிகரத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். “ஸ்னோ பாயிண்ட், சார்” என்றார்.

இப்படி ஒரு சுற்றுலாவை ஒரு படைப்பு என்று வைத்துக்கொண்டால், அதை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? சினிமாவுக்கு விமர்சனம் இருக்கிறது, ஓட்டலுக்கு நட்சத்திரம் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஓர் இடத்தைக் காட்டும் கலைக்கு அளவுகோல் எங்கே என்று யோசித்தால், ஆச்சரியமாக, அது நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஆற்றுப்படை.

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்திருப்போம். பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்வது. பத்துப்பாட்டில் பாதி இதுதான். அதில் கடைசியாக இருக்கும் மலைபடுகடாம் 583 அடி. பெருங்கௌசிகனார் பாடியது. இன்றைய செங்கம் பக்கத்துச் செங்கண்மாவில் இருந்த நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்லும் பாட்டு. அதாவது, இரண்டாயிரம் வருஷத்தை ஒட்டிய பழைய ‘வேலி டூர், வித் கைடு’.

அந்த வழிகாட்டி என்னென்ன சொல்கிறான் பாருங்கள். தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதே, விடிந்த பிறகு போ என்கிறான். குழிகளில் பாம்பு இருக்கும். யானையை விரட்டப் பரண்மேல் இருப்பவர்கள் கவண்கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் மறைந்து மறைந்து போ. இந்த இடத்தில் பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். இந்த ஊரில் போய் இன்னாருடைய கூத்தர் என்று சொல்லு, சோறு போடுவார்கள். நடுவே மலையில் கேட்கும் சத்தங்களை மட்டும் ஒரு பெரிய பட்டியலாகச் சொல்லிக்கொண்டு போகிறான். அருவி விழுவது, தேன் எடுப்பவர்கள் ஆரவாரிப்பது, புலி கிழித்த புருஷன் மார்புப் புண் ஆற வேண்டி ஒருத்தி பாடுவது. பாட்டுக்குப் பெயரே அந்தச் சத்தத்தை வைத்துத்தான். மலையை யானை என்று கொண்டால், அதில் எழும் ஓசைதான் அதன் மதம்.

ஆபத்து எங்கே, சோறு எங்கே, அங்கே இருப்பவர்கள் யார். அந்த வழிகாட்டி இந்த மூன்றையும் சொல்லிவிடுகிறான். சோலாங்கில் எனக்கு மூன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. ‘ஸ்லோ’வை ஆபத்துக் கணக்கில் வேண்டுமானால் சேர்க்கலாம்.

பையன் மேல் தப்பு என்று நினைத்தேன், டீக்கடையில் உட்காரும் வரை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஆள் மாறிவிட்டார். அவர் இந்தியும் என் உடைந்த இந்தியும் ஒரு மாதிரி கைகுலுக்கிக்கொண்டன. அதே பள்ளத்தாக்கு ஊர்க்காரர். தாத்தா காலத்தில் கீழே ஆப்பிள் நன்றாகக் காய்த்ததாம். குளிர் போதாமல் இப்போது தோட்டங்கள் மேலே மேலே ஏறுகின்றனவாம். எந்தச் சரிவில் பனி சரிந்து விழும், எதில் விழாது என்று கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் நின்று போட்டோ எடுத்த திட்டு, மாசியில் அவர் அம்மாகூட நிற்கமாட்டாள் என்றார். பெயர் இல்லாமல் போன அந்தச் சிகரத்துக்கு அவர்கள் வீட்டில் ஒரு பெயர் இருந்தது. அது ஒரு தெய்வம்.

“இதையெல்லாம் அங்கயே சொல்லியிருக்கலாமே தம்பி?”

எஞ்சினைக் காட்டினார். காதைக் காட்டினார். சிரித்தார். அடுத்த கூப்பன்காரர்கள் காத்திருந்தார்கள். அவருக்கு மாசச் சம்பளம் கிடையாது, ரவுண்டுக்குக் கூலி.

ஆக, தப்பு வடிவத்தில் இருக்கிறது. பேச்சே நுழைய முடியாத ஒரு வடிவத்தைச் செய்து வைத்துவிட்டு அதில் ஒரு வழிகாட்டியையும் உட்காரவைத்தால், அவர் வெறும் பின்விளக்கு. 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சோலாங், ரோத்தாங் பக்கம் இந்த வண்டிகளையும் பாராகிளைடிங்கையும் நிறுத்தி வைத்தது. ரோத்தாங் கணவாய்க்கு ஒரு நாளைக்கு ஆயிரம் வண்டிதான், 600 பெட்ரோல், 400 டீசல் என்று கணக்கும் வைத்தது. அப்புறம் கட்டுப்பாடுகளோடு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். 2020-ல் ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கம் வந்ததும் சோலாங் வழியாகப் போகும் கூட்டம் இன்னும் கூடியது. புகை பற்றி, புல் பற்றி, பனி கறுப்பது பற்றித் தீர்ப்பாயம் கவலைப்பட்டது. சத்தத்துக்குள் காணாமல் போன அந்தப் பையனின் பேச்சைப் பற்றிக் கவலைப்பட எந்தத் தீர்ப்பாயமும் இல்லை.

சரி, தரங்கம்பாடி.

இங்கே பிரச்னை நேர்மாறு. இங்கே நடந்துதான் பார்க்க வேண்டும், ஊரே அவ்வளவுதான் இருக்கிறது. 1792-ல் கட்டிய வாசல் வழியாக நுழைந்தால் ராஜ வீதி. ஒரு பக்கம் சீயோன் தேவாலயம், எதிரே சீகன்பால்க் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். ஆள் சந்தடி இல்லாத வெள்ளைச் சுவர்கள். தெருக் கடைசியில் கடல். வாய் கொஞ்சம் மூடியிருந்தால் அலைச்சத்தம் வாசலிலேயே கேட்கும். ஆனால் வழிகாட்டி வாயை மூடவே இல்லை.

இருபது நிமிஷத்தில் நானூறு வருஷம். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர், 1620, ஓவ் கெட்டே என்ற டேனிஷ் கேப்டன், கோட்டை, மிளகு, 1706-ல் சீகன்பால்க் வந்து இறங்கியது, அச்சுக்கூடம், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு, 1845-ல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வெள்ளைக்காரனிடம் விற்றது. எல்லாம் சரியான தகவல்தான். ஒப்பித்ததும் பிசகில்லை. கடைசியில் கடற்கரைக்கு வந்து, மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார்.

“இழுங்க சார், நல்லா இழுங்க. ஓசோன் காத்து. உலகத்துலயே ரெண்டு மூணு எடத்துலதான் இருக்கு.”

எல்லோரும் இழுத்தோம். பக்கத்தில் ஒரு பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

தரங்கம்பாடி பற்றி ஓசோனை எழுதாத சுற்றுலாக் கட்டுரை அநேகமாக இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பது சுவாரஸ்யம். 1839-40 வாக்கில் பாஸல் நகரத்தில் ஷோன்பைன் என்ற ரசாயன விஞ்ஞானி ஒரு வாயுவைக் கண்டுபிடித்து, அதன் நெடியை வைத்து, ‘மணப்பது’ என்று பொருள் வரும் கிரேக்கச் சொல்லால் ஓசோன் என்று பெயர் வைத்தார். கடற்கரைக் காற்றின் வாசனை இதுதான், உடம்புக்கு நல்லது என்று ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை பரவியது. இங்கிலாந்துக் கடற்கரை ஊர்கள் ‘எங்களிடம் ஓசோன் அதிகம்’ என்று விளம்பரம் போட்டு ஆள் பிடித்தன. பின்னால் விஞ்ஞானம் மாறியது, விளம்பரம் மட்டும் கப்பலேறி இங்கே வந்து தங்கிவிட்டது.

கடல் வாசனைக்குக் காரணம் டைமீதைல் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உபயம். ஓசோன் தலைக்கு மேலே பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் குடை. மூக்குக்கு நேராக இருந்தால் நுரையீரலுக்கு விஷம். வண்டிப் புகையில் வெயில் பட்டால் அது தரையிலேயே உண்டாகும். அதனால்தான் நம் நாட்டுக் காற்றுத்தர விதியில் எட்டு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். தரங்கம்பாடிக் காற்று நல்ல காற்று. காரணம், அங்கே வண்டி குறைவு. அதை நல்ல காற்று என்று சொன்னால் போதாதா? ஓசோன் என்று சொன்னால்தான் திருநெல்வேலியிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள் போலிருக்கிறது.

அந்தப் பெரியம்மாவிடம் இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். அவ்வளவு நிம்மதியாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தவரிடம் ரசாயனம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

என் வருத்தம் பொய் பற்றியது மட்டும் இல்லை. பொய் எந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது பற்றியது. இருபது நிமிஷத்தில் ஓசோனுக்கு மூன்று நிமிஷம் போனது. வடக்கே கூப்பிடு தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று கல்வெட்டு சொல்கிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னாலேயே இது ஊர்தான், பெயர் உள்ள ஊர். அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அது பற்றி ஒரு வரி இல்லை. ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதுவும் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து இங்கே 1926 முதல் ஓடிய ரயிலை 1986-ல் நிறுத்தியதும் இல்லை. ஒரு துறைமுகம் போய், ரயிலும் போய், மிச்சமிருக்கும் ஊருக்குள் நாம் நிற்கிறோம் என்பதே தெரியாமல் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பலாம்.

எல்லாவற்றையும்விட, அழகப்பன். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பதை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அழகான காட்சி, யாருக்கும் பிடிக்கும். ஆனால் போர்ச்சுகீசிய மொழி தெரிந்த ஓர் உள்ளூர்க்காரர், அந்த ஜெர்மானியரைக் கையைப் பிடித்துத் தமிழுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவர் பெயர் அழகப்பன். ஜெர்மன் ஏடுகளில் அலெப்பா. ஊருக்கு முதல் கைடு என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எந்த வழிகாட்டி வாயிலும் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நம் வழிகாட்டியோடு சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். சோலாங் டீக்கடை ஞாபகத்தில், பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் தம்பி?

“இங்கதான் சார். மீனவர் தெரு.”

வயசைக் கணக்குப் போட்டேன். 2004 டிசம்பர் 26-ல் சின்னப் பையனாக இருந்திருப்பார். நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. அவராகத்தான் கையை நீட்டி, “அந்த வேப்பமரம் தெரியுதா சார்? அது வரைக்கும் நான் ஓடுனேன்” என்றார். பின்னால் யார் ஓடி வந்தார்கள், யார் வரவில்லை என்பதை ஐந்தாறு வாக்கியத்தில், ஒப்பிக்கும் குரல் இல்லாமல் சொன்னார். அந்தக் குரலை அன்றைக்கு முதல் தடவையாகக் கேட்டேன். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2020-ல்தான் மயிலாடுதுறை மாவட்டத்தோடு வந்தது.

“இத டூர்ல சொல்றதில்லையா தம்பி?”

“சந்தோஷமா இருக்க வர்றாங்க சார். அவங்ககிட்ட போய் இத எப்படிச் சொல்றது?” கொஞ்சம் பொறுத்து, “ஓசோன்னா எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா மூச்சு இழுக்கறாங்க” என்றார்.

சோலாங் பையனுக்கு எஞ்சின். இவருக்கு ஓசோன். இரண்டு பேருக்கும் தெரிந்தது ஒன்று, விற்றது வேறொன்று. அந்த வேப்பமரத்தை அவர் விற்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொந்தச் சாவைத் தினமும் நாலு தடவை டிக்கெட் போட்டுச் சொல்லச் சொல்வது கொடூரம். ஆனால் அலை எவ்வளவு தூரம் வந்தது, தண்ணீர் பின்வாங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒரு வரி சொல்லலாம். வழுக்கும் பாறையில் கொடியைப் பிடித்துக்கொள் என்று சொன்னவனின் வம்சம்தானே நாம். அவர் சொல்லத் தயார் என்றுதான் தோன்றியது. கேட்பதற்கு ஆள் இல்லை. அந்தச் சாயங்காலம் காசு கொடுத்த முப்பது பேரில் நானும் ஒருவன், நானும் அவரிடம் கோட்டையின் சுவர் எத்தனை அடி என்றுதான் முதலில் கேட்டேன்.

இதற்குள் மைத்துனர் எங்கோ நடந்து போய்விட்டிருந்தார். தெற்கே, ஃபைபர் படகுகள் ஏற்றி வைத்திருந்த இடத்தில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் வலையில் இருந்து என்னவோ பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். நான் போனபோது ஏ.டி.வி. விஷயம் பாதி தாண்டியிருந்தது.

“இங்க எங்க ஓட்டுவீங்க?” என்று பெரியவர் கேட்டார்.

“இப்படியே கோட்டையிலேருந்து தெக்க போயிட்டுத் திரும்பறதுதான் ஐயா. காலி மணல்தானே.”

பெரியவர் தலையை நிமிர்த்தி அந்தக் காலி மணலைப் பார்த்தார். அப்புறம், கோபமே இல்லாமல், அதில் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். இங்கே வலை காயும். இந்த ஓரம் கருவாடு. அதோ அங்கே காலையில் மீன் இறங்கும், பொம்பளைங்க கூடையோட உட்கார்ந்திருப்பாங்க. படகு ஏற்றும்போது இத்தனை பேர் கயிறு பிடிச்சு இப்படி வருவோம், அந்த நேரத்துல குறுக்கே எதுவும் நிக்கக் கூடாது. இந்தப் பள்ளத்துல குளிக்க எறங்காதீங்க, தண்ணி பாக்கறதுக்கு அமைதியாத்தான் இருக்கும், காலை இழுத்துரும். தைக்கு மேல பங்குனி வரைக்கும் ராத்திரி ஆமை ஏறும்.

பங்குனி ஆமை என்றே அதற்கு இங்கே பெயர். புத்தகத்தில் ஆலிவ் ரிட்லி. ராத்திரியில் கரையேறி, மணலில் ஒன்றரை அடிக் குழி தோண்டி, நூறு முட்டையை ஒட்டிப் போட்டு மூடிவிட்டுப் போய்விடும். மேலே பார்த்தால் வெறும் மணல்தான். இந்தக் கடற்கரையில் வனத்துறையும் ஆர்வலர்களும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள், ஆனால் எல்லாக் குழியும் கண்ணில் படாது. ஒன்றரை மாதம், இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் மேலே வரும்போது கடலைப் பார்த்து ஓட வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சுக்கு வண்டிச் சக்கரத் தடம் என்பது ஏற முடியாத ஓடை. அந்தத் தடத்துக்குள்ளேயே நெடுக ஓடி, விடிந்ததும் காக்காய்க்கும் வெயிலுக்கும் போகும். டயரில் காற்று ஐந்தோ முப்பதோ, அதற்கு வித்தியாசமில்லை.

பெரியவர் பேசி முடிக்க ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். கையில் வேலை நிற்கவில்லை. ஆபத்து எங்கே, சோறு எங்கே, யாருடைய இடம். அன்றைக்கு நான் கேட்ட மிகச் சிறந்த டூர் அதுதான். காசு வாங்காதது. இடையில் ஒரு தடவை அலை பெரிதாக விழுந்தபோது பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கியதும் தொடர்ந்தார்.

ராஜ வீதி வழியாகத் திரும்பி நடந்தோம். விளக்குப் போட்டிருந்தார்கள். மைத்துனர் ரொம்ப நேரம் பேசவில்லை. வாசல் கிட்ட வந்ததும், “அப்ப ஏ.டி.வி. வேணாங்கறீங்க” என்றார்.

“நான் எங்க சொன்னேன்? அவர்தான் சொன்னாரு.”

“அவரும் வேணாம்னு சொல்லலியே.”

அது உண்மைதான். பெரியவர் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

“நடத்திக் கூட்டிட்டுப் போயேன் மாப்ள” என்றேன். “மைலாப்பூர்ல மாட வீதிய நடந்து காட்டறதுக்கே காசு வாங்கறாங்க. அந்தப் பையனையும் பெரியவரையும் சேத்துக்க. காலைல மீன் எறங்கற நேரத்துல ஆரம்பிச்சு, கோயில், கோட்டை, அழகப்பன்...”

“யாரு அழகப்பன்?”

சொன்னேன். கேட்டுக்கொண்டார். பைக் ஸ்டாண்டை எடுத்தபடி, “நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா நம்ம ஆளுங்க நடக்கறதுக்குக் காசு குடுப்பாங்களா?” என்றார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பொறையார் தாண்டும் வரை யோசித்தேன். சோலாங்கில் நான் நடந்து போகவில்லை, கூப்பன்தான் வாங்கினேன்.